காய்ச்சல் வலிப்பு: முதல் நிமிடங்கள் பெற்றோர் கையில்

புசல்லாவையின் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வைத்தியசாலையை அடைய நேரமெடுக்கும். ஆதலால் குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு ஏற்படுகையில் முதல் நிமிடங்கள் பெற்றோர் கையிலேயே உள்ளன.

இது கண்ணூறோ பேய்க்குற்றமோ அன்று. 6 மாதம் முதல் 5 வயது வரையான குழந்தைகளின் முதிராத மூளையில், தொற்றினால் உடல்வெப்பம் உயரும்போது நரம்புக் கலங்கள் கட்டுமீறித் தூண்டப்படுகின்றன. பரம்பரையும் ஒரு காரணியாகும். 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு ஏற்படும் இவ்வலிப்பு, பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். பொதுவாக மூளையைப் பாதிப்பதில்லை.

கையில் இரும்பைத் திணிப்பதாலும் வாயில் கரண்டியை நுழைப்பதாலும் பயனில்லை, பின்னையது ஆபத்தானது. குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, நேரத்தைக் கவனிக்க வேண்டும். 5 நிமிடங்களைக் கடந்தால் 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவையை உடனே அழைக்க வேண்டும். மூளைக்காய்ச்சலும் வலிப்பை உண்டாக்கலாம் என்பதால், வலிப்பு அடங்கினாலும் வைத்தியரிடம் காட்டுவது அவசியமென நாம் வலியுறுத்துகின்றோம்.