ஆய்வேடு முடிந்த பிறகு என்ன?

முனைவர் பட்ட ஆய்வாளரிடம் வீட்டிலும் துறையிலும் கேட்பது ஒரே கேள்விதான்: “எப்போ முடிக்கப் போறே?” முடித்த பிறகு என்ன என்று கேட்க ஆளில்லை. பேராசிரியர் வேலை தானாக வந்துவிடும் என்ற நினைப்புதான் காரணம். பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2010-இல் வெளியிட்ட அறிக்கை இந்த நினைப்பை உடைத்தது. அங்கே அறிவியலில் முனைவர் பட்டம் பெறுவோரில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், பட்டம் வாங்கியதும் அறிவியலுக்கு வெளியே வேலைக்குப் போனார்கள். பேராசிரியர் ஆனவர்கள் 0.45 சதவீதம். ஆயிரம் பேரில் நான்கைந்து பேர்!

மற்றவர்களுக்கு வழிகாட்டுவது யார்?

அமெரிக்கா இந்த வழிகாட்டும் பொறுப்பைச் சட்டமாகவே எழுதியது. 2007-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வாளருக்குச் சம்பளம் கேட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கும் பேராசிரியர், அவரை எப்படி வளர்த்தெடுப்பார் என்பதையும் எழுதித் தர வேண்டும். 2024 மே மாதம் முதல் இது பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கும் விரிந்தது. அறக்கட்டளையின் பணத்தில் கணிசமான காலம் பணிபுரியும் இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வளர்ச்சித் திட்டம் இருக்க வேண்டும்; ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

அந்தத் திட்டத்தில் என்ன இருக்கும்? 2012-இல் ‘சயின்ஸ்’ இதழின் வேலைவாய்ப்புப் பிரிவு தொடங்கிய ‘மை ஐடிபி’ என்ற இலவச இணையக் கருவி நல்ல எடுத்துக்காட்டு. திறன், விருப்பம், எதை முக்கியமாகக் கருதுகிறோம் என்ற மூன்றையும் ஆய்வாளர் தாமே மதிப்பிடுகிறார். அறிவியல் எழுத்து, காப்புரிமை, கொள்கை வகுப்பு, தொழிற்துறை ஆய்வு போன்ற பாதைகளில் எது தமக்குப் பொருந்தும் என்று கருவி காட்டுகிறது. பிறகு தேதி போட்டு இலக்குகளை எழுத வேண்டும். “எழுத்துத் திறனை வளர்க்க வேண்டும்” என்று எழுதினால் பயனில்லை. “செப்டம்பருக்குள் இரண்டாம் அத்தியாயத்தைக் கட்டுரையாக்கி, துறைக்கு வெளியே ஒருவரிடம் காட்டுவேன்” என்பதே இலக்கு.

இந்தத் திட்டம் மதிப்பெண் பட்டியல் ஆகிவிடக் கூடாது. ஆசிரியராக விருப்பமில்லை என்று எழுதினால் கைடு முகம் சுளிப்பாரோ என்று பயந்தால், மாணவர் பொய்தான் எழுதுவார். அதனால்தான் மதிப்பீட்டை அந்தரங்கமாக வைத்துக்கொண்டு, இலக்குகளை மட்டும் கைடிடம் பேசலாம் என்கிறார்கள். கைடு ஒருவரே போதும் என்பதும் சரியல்ல. ஆய்வு முறைக்கு ஒருவர், வேலை உலகத்துக்கு இன்னொருவர், மனம்விட்டுப் பேச மூத்த ஆய்வாளர் ஒருவர் என்று பலர் வேண்டும்.

இந்தியாவில் இதற்கு வாசல் ஏற்கெனவே இருக்கிறது. யுஜிசியின் 2022 விதிகளின்படி ஆய்வாளர் ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் தம் பணியை விளக்க வேண்டும். அங்கே பேச்செல்லாம் தரவும் அத்தியாயமும் பற்றித்தான். அதே அமர்வில், கைடை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மற்ற உறுப்பினர்கள் பத்து நிமிடம் மாணவரின் எதிர்காலம் பற்றிக் கேட்கலாம். இதற்குப் புதிய நிதியும் வேண்டாம், புதிய குழுவும் வேண்டாம். துறைத் தலைவர் ஒருவர் அடுத்த செமஸ்டரிலேயே தொடங்கிவிடலாம்.