கட்சிப் பேரு அதேதான், உள்ளே கோடு வேற

என் டீம்ல டெக்சாஸ்ல இருந்து வேலை பார்த்த ஒரு சீனியர் இருந்தார், போன வருஷம்தான் ரிட்டயர் ஆனார். 1984ல ரீகனுக்குப் போட்டதுதான் அவரோட முதல் ஓட்டு. அதுக்கப்புறம் ரிபப்ளிகன் கட்சியைத் தவிர வேற எதுக்கும் போட்டதில்லை. ஒரு நாள் மீட்டிங் முடிஞ்சதும் சொன்னார்: "நான் அதே இடத்துலதான் நிக்கிறேன். கட்சிதான் நகர்ந்து போயிடுச்சு." அவர் கட்சி ஜெயிச்சு ஆட்சியில இருந்த நேரம் அது. ஜெயிச்சவர் ஏன் தோத்த மாதிரி பேசுறார்?

அவர் நம்பின கொள்கைகள் ரெண்டு. அரசு கடன் வாங்கிச் செலவு பண்ணக் கூடாது. வணிகத்துக்குத் தடை போடக் கூடாது. ஒபாமா ஆட்சியில, 2009ல கிளம்பின டீ பார்ட்டி இயக்கமே முதல் கொள்கையைச் சொல்லித்தான் வளர்ந்தது. ஆனா ட்ரம்ப் ஆட்சியில, 2019ல, கொரோனாவுக்கு முன்னாடியே, பொருளாதாரம் நல்லா ஓடிட்டிருந்தப்பவே, அமெரிக்காவோட ஒரு வருஷப் பற்றாக்குறை சுமார் ஒரு லட்சம் கோடி டாலர். கனடாவோட தடையில்லா வணிக ஒப்பந்தத்துல 1988ல கையெழுத்துப் போட்டவர் ரீகன். அதே கட்சியின் அதிபர் 2018ல கனடா எஃகுக்கு 25 சதவீத வரி போட்டார். 2020 மாநாட்டுல கட்சி புதுசா ஒரு கொள்கை அறிக்கைகூட எழுதல.

"ரீகன் காலத்துலயும் கடன் மூணு மடங்கு ஆச்சே சார்?"னு கேட்டேன். "ஆச்சு. ஆனா 1981ல வரியைக் குறைச்சவர், பற்றாக்குறை ஏறினதும் 1982ல சில வரிகளை ஏத்தினார். தப்பு நடந்தா அதைத் தப்புன்னு ஒத்துக்க ஒரு அளவுகோல் இருந்தது. இப்ப அந்த அளவுகோலையே தூக்கிப் போட்டாச்சு" என்றார்.

சரி, இப்படிப்பட்டவங்க என்ன பண்ண முடியும்? ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்கிற பொருளியலாளர் 1970ல சொன்னது இங்கே உதவும். ஒரு அமைப்பு கெட்டுப் போனா நமக்கு ரெண்டு வழி: வெளியே போகலாம், இல்ல உள்ளே இருந்து குரல் கொடுக்கலாம். அமெரிக்காவுல ஜெயிக்கக்கூடிய கட்சிகள் ரெண்டே ரெண்டு. வெளியே போனா, வாழ்நாள் முழுக்க எதிர்த்த கட்சிக்கு லாபம். உள்ளே குரல் கொடுக்கணும்னா, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரைமரி இருக்கு. ஆனா அதுக்கு வர்றவங்க குறைவு, பெரும்பாலும் தீவிரமானவங்க. தென் கரோலினாவின் மார்க் சான்ஃபர்ட் கடனைப் பத்தி ஓயாம பேசின ரிபப்ளிகன் எம்.பி. ட்ரம்ப்பை விமர்சிச்சார், 2018 பிரைமரியில தோத்தார். 2019ல கடனையே முக்கியப் பிரச்சினையா வச்சு அதிபர் போட்டிக்கு வந்து, ரெண்டே மாசத்துல விலகினார்.

என்ன ஆனாலும் நமக்குத்தான் போடுவார்னு கட்சிக்குத் தெரிஞ்சுட்டா, அந்த ஓட்டரை யாரும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. 2020ல எங்க சீனியர் அதிபர் இடத்தைக் காலியா விட்டுட்டு, மத்த பதவிகளுக்கு மட்டும் ஓட்டுப் போட்டாராம். "முப்பத்தாறு வருஷத்துல முதல் தடவை. வீட்டுல கூட சொல்லல" என்றார்.

நாங்க சில நேரம் கோடு எழுதுறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எழுதிடுவோம். பின்னாடி எழுதினா, வந்த ரிசல்ட்டுக்கு ஏத்த மாதிரி டெஸ்ட்டை வளைச்சிடுவோம் இல்லையா? அதனால ஒரு சின்ன வேலை: நீங்க ஆதரிக்கிற கட்சி எதைச் செஞ்சா ஓட்டுப் போடுறதை நிறுத்துவீங்க? இப்பவே ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அடுத்த தேர்தலப்ப எடுத்துப் பாருங்க.