வால்வு மட்டுமா, பெருநாடியுமா?

ஹில்ஸ்பரோவில் வசிக்கும் என் நண்பர் ஒருவருக்கு இருதய வால்வை மாற்றவேண்டும் என்று வைத்தியர்கள் கூறினர். வீட்டார் ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொண்டனர். அடுத்த சந்திப்பில் இன்னொரு செய்தியும் வந்தது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி 4.8 சென்ரிமீற்றர் அளவுக்கு விரிந்துள்ளது. அதனையும் அதே வேளையில் மாற்றுவது நல்லது என்றனர். மொழிபெயர்த்தவள் அவருடைய பதினைந்து வயது மகள். "அப்பாவின்ரை பெரிய குழாய் ஒண்டு வீங்கியிருக்காம்" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "ஒன்றுக்குப் போய் இரண்டு வெட்டா?" என்று தாயார் அழுதார். வால்வு மட்டும் போதும் என்று சொல்லிவிட நண்பர் தீர்மானித்தார்.

நான் மருத்துவம் கற்றவனல்லன். கலைப் பட்டதாரி, ஓய்வுபெற்ற ஆசிரியன். ஆயினும் விளங்காத பாடத்தை விளங்கும்வரை கேட்டறிவது என் பழக்கம். அவ்வாறு அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

பெருநாடி உடல் முழுவதற்கும் குருதியைக் கொண்டுசெல்லும் தாய்க்குழாய். வளர்ந்தவர்களில் இதன் தொடக்கப்பகுதி ஏறத்தாழ 3 முதல் 3.5 சென்ரிமீற்றர் அகலமுடையது. துவிச்சக்கரவண்டி ரியூப்பில் ஓரிடம் புடைத்தால் அவ்விடமே மெலிந்து மேலும் புடைக்கும் அல்லவா? பெருநாடியும் அத்தகையதே. விரிய விரியச் சுவரின் மீதான இழுவிசை கூடும். இறுதியில் சுவர் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து.

இதனால், வால்வில் குறையில்லாதவருக்கும் விரிவு 5.5 சென்ரிமீற்றரை எட்டினால் பொதுவாகச் சத்திரசிகிச்சை ஆலோசிக்கப்படுகிறது. வால்வுக்காக நெஞ்சு எப்படியும் திறக்கப்படுமாயின் அந்த எல்லை 4.5 ஆகக் குறைகிறது. காரணம் எளிது. இன்று விட்டுவைத்தால், சில ஆண்டுகளின் பின் தழும்பேறிய நெஞ்சை மீண்டும் திறக்க நேரலாம். இரண்டாம் முறை திறப்பது முதல் முறையிலும் கடினமானது. நண்பரின் துணைவியார் அஞ்சிய "இரண்டு வெட்டு" உண்மையில் அதுவே. வயது, உயரம், பரம்பரை நோய் ஆகியவற்றையும் நோக்கியே வைத்தியர் முடிவுக்கு வருவர்.

வால்வுக்கு மேலுள்ள பகுதி மாத்திரம் விரிந்திருந்தால், அதனை வெட்டியகற்றி டேக்ரோன் எனும் செயற்கை நூலால் நெய்த குழாயைத் தைப்பர். அடிவேரும் விரிந்திருந்தால், வால்வு பொருத்திய குழாயை வைத்து, இருதயத்தையே ஊட்டும் இரு நாடிகளையும் அதில் இணைப்பர். 1968இல் லண்டனில் ஹியூ பென்ரோல், அன்ரனி டி போனோ ஆகியோர் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. வால்வு நல்ல நிலையிலிருந்தால் அதனைக் காத்துக் குழாயை மட்டும் மாற்றும் முறையை ரொறன்ரோவில் ரைரோன் டேவிட் 1992இல் வெளியிட்டார்.

இத்துறையில் நாம் குடியேறிய நகருக்கும் பெருமையுண்டு. ஒன் ட்ரீ ஹில் குன்றின் வடபுறத்தேயுள்ள கிறீன்லேன் வைத்தியசாலையில், 1962 ஓகஸ்ட்டில், இறந்தவரிடமிருந்து பெற்ற பெருநாடி வால்வை நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார் பிறையன் பராட்-போயஸ். அதற்கு ஒரு மாதம் முன்னரே லண்டனில் டொனால்ட் றொஸ் அவ்வாறு செய்திருந்தார். பிற்காலத்தில் தாமும் இருதய சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட பராட்-போயஸ் 2006இல் காலமானார். இருதய சத்திரசிகிச்சைப் பிரிவு 2003இல் ஒக்லாந்து நகர வைத்தியசாலைக்கு மாறிவிட்டது.

குடும்பத்தவர் மூன்று விடயங்களை நினைவிற் கொள்ளல் வேண்டும். முதலாவது, உலோக வால்வு பெற்றவர் ஆயுள் முழுதும் வார்பரின் மாத்திரை உட்கொள்ளவேண்டும். கீரையைக் கைவிடத் தேவையில்லை. ஒரு வாரம் நிறையவும் மறுவாரம் இல்லாமலும் உண்பதே தவறு. விலங்குத் திசு வால்வுக்கு இம்மாத்திரை பெரும்பாலும் நீண்டகாலம் வேண்டியதில்லை. ஆனால் அது காலப்போக்கில் தேயும். இரண்டாவது, பெருநாடி வால்வில் மூன்று மடல்கள் இருக்கவேண்டிய இடத்தில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இரண்டே அமைகின்றன. இது குடும்பத்தில் தொடரக்கூடியது. ஆதலால் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் எக்கோ பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. மூன்றாவது, நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோன்ற வலி திடீரெனத் தோன்றினால், விடியட்டும் என்று காத்திராது 111ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நியூசிலாந்தில் 1996 முதல் நடைமுறையிலுள்ள நோயாளர் உரிமைக் கோவை, தேவையானவிடத்து, நடைமுறைக்கு இயன்றவரை, தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை எமக்கு வழங்குகிறது. இத்தகைய பாரத்தைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றுவது முறையன்று.

நண்பர் அடுத்த சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற்றார். ஒரு மணிநேரம் கேள்விகள் கேட்டபின் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சம்மதித்துக் கையொப்பமிட்டார். இப்போது மாலை வேளைகளில் மனுக்காவ் துறைமுகக் கரையோரம் நடக்கிறார். அன்றைய சந்திப்பிலும் மகள் அருகே இருந்தாள். ஆனால் அவள் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.