வாஜிபா, முஸ்தஹப்பா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஒரு சொல் வேறுபாடு

உஸூலுல் ஃபிக்ஹ் பாடத்தின் தொடக்கத்திலேயே மாணவர் கற்கும் செய்தி ஒன்று உண்டு. ஏவல் சொல் ஒன்று வருமானால், அது கட்டாயத்தைச் சுட்டுகிறதா அல்லது செய்தால் நன்று என்னும் அளவில் நிற்கிறதா என்பதை முதலில் ஆராய வேண்டும். வாஜிபை விட்டவன் பாவத்துக்குள்ளாகிறான். முஸ்தஹப்பை விட்டவனோ நன்மை ஒன்றை இழக்கிறான், அவ்வளவே. இதை ஒத்ததோர் ஆராய்ச்சியை 2024 நவம்பர் 8 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகள் தொடர்பான வழக்கொன்றில் நிகழ்த்தியது.

பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. இந்தியா 2007இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் விளைவாக, 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. முந்தைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கூறியது. பிந்தையது 21 வகைகளைக் கூறுகிறது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு காட்டிய 2.68 கோடி என்னும் தொகை இவ்விரிந்த வரையறைக்கு முற்பட்டது என்பதால், உண்மை எண்ணிக்கை அதனினும் மிகுதியாகவே இருக்கும் என்று கருதுகிறோம்.

இச்சட்டத்தின் 40ஆம் பிரிவு, தடையற்ற அணுகலுக்கான விதிகளை வகுக்கும் பொறுப்பை ஒன்றிய அரசின்மீது சுமத்துகிறது. அவ்விதிகளுக்கு ஒவ்வாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி வழங்கலாகாது என்கிறது 44ஆம் பிரிவு. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. தவணை 2022இல் முடிந்தது. கட்டடங்களில் பெரும்பாலானவை இருந்தபடியே இருந்தன.

ஏன் இவ்வாறாயிற்று? பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி என்பவர் 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் இவ்வினாவுக்கு விடை கிடைத்தது. சட்டம் "செய்தல் வேண்டும்" என்று ஆணையிட்டது. அதன்கீழ் இயற்றப்பட்ட 15ஆம் விதியோ பல்வேறு துறைகளின் வழிகாட்டு நெறிகளைச் சுட்டிக்காட்டியதோடு அமைந்துவிட்டது. அந்நெறிகளின் நடை "செய்யலாம்", "செய்வது நலம்" என்னும் பரிந்துரை நடை. ஆக, மூலத்தில் வாஜிபாக இருந்தது கிளையில் முஸ்தஹப்பாக இளகிவிட்டது. பரிந்துரையை மீறியவரைத் தண்டிக்க எந்த அதிகாரியாலும் இயலாதன்றோ! தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு 15ஆம் விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. எவ்வகையிலும் விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்ச விதிகளைத் தனியே பிரித்து வகுக்குமாறு அரசுக்கு மூன்று மாத அவகாசமும் அளித்தது.

அத்தீர்ப்பு தெளிவுபடுத்திய மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. தேர்வெழுதும் பார்வையற்ற மாணவருக்கு, அவர் கேட்டபின், எழுத்தர் ஒருவரை அமர்த்துவது தனியொருவருக்கான வசதி ஏற்பாடு. அணுகல் அத்தகையதன்று. எவரும் கேட்பதற்கு முன்பே, வருபவர் யார் என்று அறியாத நிலையிலேயே, வாயிலை அகலமாக அமைத்து வைப்பது அது.

இவ்விடத்தில் நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ள ஒரு மஸ்அலாவைச் சேர்த்து நோக்குதல் பயனுடையது. வழிகாட்டி இருந்தாலும் பார்வையற்றவர்மீது ஜும்ஆ கடமையில்லை என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. வழிகாட்டி கிடைத்தால் கடமை என்பது அன்னாரின் மாணவர்கள் இருவரின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் நிலையும் அதுவே. கருத்து வேறுபாடு எதுவாயினும், ருக்ஸத் எனும் சலுகை வர இயலாதவருக்கு அளிக்கப்பட்டது. கட்டடம் எழுப்புபவருக்கு அளிக்கப்பட்டதன்று. "அவருக்குத்தான் வீட்டிலேயே தொழ அனுமதி உண்டே" என்று நிர்வாகிகள் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். இது ஒருவருடைய சலுகையை மற்றவர் தமக்கு எடுத்துக்கொள்வதாகும். நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களுள் ஒருவரான இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர். சலுகைக்குரியவராக எண்ணப்படும் அவரே பிறரைத் தொழுகைக்கு அழைப்பவராக இருந்தார்.

மேலும், 2016ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடத்துக்குத் தரும் வரையறையில் கல்வி, வணிகம், மருத்துவம் ஆகியவற்றோடு சமயச் செயல்களுக்கான கட்டடங்களும் அடங்கும். அவை தனியாருடையனவாயினும் சரியே. எனவே பள்ளிவாசலும் மதரஸாவும் இதற்கு வெளியே இல்லை.

நடைமுறையில் இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வழிகாட்டு நெறிகளின்படி சாய்தளத்தின் சரிவு 1:12க்கு மேற்படக் கூடாது. ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரமுள்ள நான்கு படிகள் என்றால் மொத்த உயரம் 60 செ.மீ.; சாய்தளத்தின் நீளமோ 7.2 மீட்டர், அதாவது ஏறக்குறைய 24 அடி. இருபுறமும் கைப்பிடி வேண்டும். நம் ஊர்களில் சாய்தளம் என்ற பெயரால் கட்டப்படுபவற்றுள் பல, ஸ்கூட்டரை ஏற்றுவதற்கே தகுந்தவை. சக்கர நாற்காலியில் வருபவர் அவற்றில் ஏறப் பிறர் தள்ள வேண்டும், இறங்கும்போது அச்சம் கொள்ள வேண்டும். வாயிலைக் கடந்தாலும் ஹவ்ளின் விளிம்பு, ஒளுச் செய்யுமிடத்தின் வழுக்குத்தரை, கழிவறையின் குறுகிய கதவு என்று தடைகள் தொடர்கின்றன. செவித்திறன் இழந்தோருக்கு ஜும்ஆ உரையைச் சைகைமொழியில் தர ஒருவரை நியமிக்கலாம் என்பது இன்னும் பெரும்பாலான ஜமாஅத்துகளின் நினைவுக்கே வரவில்லை. பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கப் பளிங்குக் கற்களுக்கு ஒதுக்கப்படும் தொகையோடு ஒப்பிட, 24 அடிச் சாய்தளத்துக்கும் இரு கைப்பிடிகளுக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது. ஆனால் தரை மட்டம் முடிவான பின்னர் அதற்கு இடம் தேடுவது அரிது. வரைபடம் பொறியாளரின் மேசையில் இருக்கும்போதே அதைக் கேட்க வேண்டும்.