சுருதி சேர்த்ததற்கும் கைதட்டல்

ராக் இசை என்றால் வெறும் கூச்சல் என்றே நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ‘தி கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்’ என்னும் மூன்று இசைத்தட்டுகளின் தொகுப்பு.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். மனம் கலங்கிய சிதார் மேதை ரவிசங்கர், நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். ஹாரிசன் பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் முதலியோரை அழைத்து, ஆகஸ்டு 1 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இரு நிகழ்ச்சிகள் நடத்தினார். அவற்றின் நேரடி ஒலிப்பதிவே இது.

முதற்பக்கம் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் வாசித்தது. அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததுமே அரங்கம் கைதட்டுகிறது! (எனக்கும் முதலில் அது பாட்டென்றே தோன்றியது.) இதுவே இவ்வளவு பிடித்தால் கச்சேரி இன்னும் பிடிக்கும் என்கிறார் ரவிசங்கர். பௌதிக வகுப்பில் படித்த ஒத்ததிர்வை நினைவுகூருங்கள். சிதாரின் மேல்தந்திகளுக்கு அடியில் பத்துக்கு மேற்பட்ட மெல்லிய தந்திகள் உண்டு. மீட்டாமலே அவை ஒலிக்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் ராகத்தின் சுரத்தில் பிசகாது நிற்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை நேரம்.

நுழைவுச்சீட்டு வசூல் சுமார் 2,43,000 டாலர் யூனிசெஃபுக்குச் சென்றது. ஆனால், அறக்கொடை நிகழ்ச்சியென முன்கூட்டி முறைப்படி ஏற்பாடு செய்யாததால், தட்டு விற்பனைப் பணத்தின் பெரும்பகுதி அமெரிக்க வரித்துறையிடம் பல்லாண்டு முடங்கிற்று. தொகுப்புக்கு 1973-லேயே கிராமி விருது கிடைத்துவிட்டது.