ஒரு குட்டிச்சொல் செய்யும் வேலை

லண்டனில் ஒரு வீடு, காலை ஆறு மணி. அலாரம் அடிக்கிறது. சற்று நேரத்தில் விளக்கு அணைகிறது. ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் கெட்டுப்போயிருக்கிறது. அடித்தது, அணைந்தது, கெட்டது என்று நாம் மூன்று வினைகளைச் செலவழித்துவிட்டோம். அந்த வீட்டுக்காரருக்கு ஒன்றே போதும்: ‘கோ ஆஃப்’. அலாரம் சத்தம் போடத் தொடங்கினாலும் அதுதான், விளக்கு ஒளியை நிறுத்தினாலும் அதுதான். குண்டு வெடித்தாலும் அதே. நேற்றுவரை பிடித்திருந்த ஆளை இன்று பிடிக்காமல் போனாலும் அதே. இத்தனைக்கும் ‘கோ’, ‘ஆஃப்’ இரண்டுமே முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள்.

இப்படி ஒரு வினையும் அதன் பின்னால் நிற்கும் அப், அவுட், ஆஃப் போன்ற ஒரு குட்டிச்சொல்லும் சேர்ந்து ஒரே வினையாக வேலை செய்வதை ஆங்கில இலக்கணத்தில் ஃப்ரேஸல் வெர்ப் என்கிறார்கள். நாம் தொடர்வினை என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரேஸல் வெர்ப் என்ற பெயரை 1925-இல் வெளிவந்த தம் நூலில் பயன்படுத்தியவர் லோகன் பியர்சால் ஸ்மித். ஆனால் தலைவலி அதைவிடப் பழையது. 1755-இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டாரை அதிகம் திணறடிப்பது இந்த வகைச் சொற்கள்தான் என்று எழுதிவிட்டார். அவர் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று ‘டேக் ஆஃப்’. அதற்கு அவர் சொன்ன பொருள், நகலெடுப்பது. விமானம் பறக்க இன்னும் 148 ஆண்டுகள் இருந்தனவே!

எத்தனை பொருள்கள்? டீ காட்னர், மார்க் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் சொல்தொகுப்பைச் சலித்து, 2007-இல் கணக்கை வெளியிட்டார்கள். தொடர்வினைகள் 5 லட்சத்துக்கு மேல் கிடைத்தன. ஏறக்குறைய 200 சொற்களுக்கு ஒன்று. அதில் பாதிக்குச் சற்று மேலான இடத்தை வெறும் 20 வினைகளும் 8 குட்டிச்சொற்களும் பிடித்துக்கொண்டிருந்தன. அதிகம் புழங்கும் முதல் 100 தொடர்வினைகளுக்கு மட்டும் 559 பொருள்கள். நாளுக்கு ஒரு பொருள் என்று படித்தால்கூட ஒன்றரை ஆண்டு ஓடிவிடும்.

‘மேக் அப்’பை மட்டும் பிரித்துப் பார்ப்போம். மேக் என்றால் செய், அப் என்றால் மேலே. கூட்டினால் ‘மேலே செய்’ என்று வர வேண்டும். அப்படி ஒரு பொருள் அதற்குக் கிடையாது. இல்லாத கதையைக் கட்டினால் மேக் அப். சண்டை போட்டவர்கள் ராசியானால் மேக் அப். பதினொரு பேர் சேர்ந்து ஒரு கிரிக்கெட் அணியாவதும், போன நேரத்தைச் சனிக்கிழமை வந்து ஈடுகட்டுவதும், மருந்துக்கடைக்காரர் மருந்து கலந்து கொடுப்பதும், விருந்தாளிக்குப் படுக்கை போடுவதும் அதுவே. மனம் என்ற சொல்லைக் கூடச் சேர்த்தால், ஒருவழியாக முடிவுக்கு வருவது. மேடையேறும் நடிகர் அரிதாரம் பூசிக்கொள்வது உங்களுக்கே தெரியும்.

குழப்பம்போல் தெரிகிறது. ஆனால் ‘அப்’ போன பாதையைப் பிடித்தால் முடிச்சு அவிழ்கிறது. குடத்தில் தண்ணீர் ஊற்றினால் மட்டம் மேலே வருகிறது. மேலே வந்துவிட்டால் குடம் நிறைந்துவிட்டது. ‘மேலே’ என்பது மெல்ல ‘முழுக்க’ என்றாகிவிட்டது. ‘ஈட்’ என்றால் சாப்பிடு, ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடு. இப்போது மேக் அப்பைத் திரும்பப் பாருங்கள். குறைந்த நேரம் நிரப்பப்படுகிறது, உறவில் விழுந்த விரிசல் அடைபடுகிறது, உறுப்பினர்கள் சேர்ந்து அணி நிறைவடைகிறது, நடிகர் பாத்திரத்துக்கு முழுத் தயாராகிறார். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று நிறைகிறது. கதை கட்டுவதுகூட, துண்டு துண்டானவற்றைக் கோத்து முழுசாக்குவதுதான்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. ‘சாப்பிடு’ வேறு, ‘சாப்பிட்டுவிடு’ வேறு. ஆங்கிலம் முழுமையைக் குட்டிச்சொல்லால் காட்டுகிறது. தமிழ் அதைத் துணைவினையால் காட்டுகிறது. தமிழ் கற்கும் வெள்ளைக்காரரிடம் ‘போட்டுக்கொடுத்துவிட்டான்’ என்று சொல்லிப் பாருங்கள். எதைப் போட்டான், யாருக்குக் கொடுத்தான் என்று கேட்பார், பாவம்.

மேக் அப்புக்கு ஒற்றைச்சொல் மாற்றுகளும் உண்டு. கதை கட்ட ‘இன்வென்ட்’, ராசியாக ‘ரெகன்சைல்’, ஈடுகட்ட ‘காம்பென்சேட்’, அணியாகச் சேர ‘கான்ஸ்டிட்யூட்’. நான்குக்கும் வேர் லத்தீன். தள்ளிப்போடும் ‘புட் ஆஃப்’புக்கு மாற்றான ‘போஸ்ட்போன்’, பொறுத்துக்கொள்ளும் ‘புட் அப் வித்’துக்கு மாற்றான ‘டாலரேட்’ எல்லாமே அந்தக் குடும்பம்தான். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரசவையும் சட்டமும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன. அந்தச் சொற்கள் இன்றும் விறைப்பாக அலுவலகக் கடிதத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டுப் பேச்சில் தொடர்வினைதான் ஆட்சி செய்கிறது. மனைவியிடம் ‘ரெகன்சைல்’ ஆகிவிட்டேன் என்று சொல்கிற ஆங்கிலேயரைச் சற்றுத் தள்ளி நின்றே பார்ப்பார்கள்.

பழைய ஆங்கிலத்தில் குட்டிச்சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டியிருந்தது. அண்டர்ஸ்டாண்ட், ஓவர்கம் போன்றவை அந்தக் காலத்து மிச்சங்கள். பிறகு அது பின்னால் நகர்ந்தது. வைக்கிங்குகளோடு வந்த நார்ஸ் மொழியும் இதற்குக் கை கொடுத்திருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ‘டேக்’, ‘கெட்’ ஆகிய வினைகளே அந்த மொழி தந்தவை. பீட்டர்பரோ மடத்து வரலாற்றுக் குறிப்பேட்டில், இங்கிலாந்து மன்னர் ஸ்டீபன் ஆயர்களைச் சிறையில் அடைத்து, கோட்டைகளை ஒப்படைக்கும்வரை வைத்திருந்த செய்தி 1137-ஆம் ஆண்டுப் பதிவில் வருகிறது. ஒப்படைப்பதற்கு அங்கே இருக்கும் சொல், இன்றைய ‘கிவ் அப்’பின் பழைய வடிவம். எழுத்துக்கூட்டல் மாறியது, வேலை மாறவில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. ‘ரன் அப் எ ஹில்’ என்றால் குன்றின்மேல் ஓடு. ‘ரன் அப் எ பில்’ என்றால் கடன் பாக்கியை ஏற்று. காதுக்கு ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் ‘அப்’பைக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள். ‘ரன் எ பில் அப்’ சரி. ‘ரன் எ ஹில் அப்’ தவறு. குன்றில் ஓடும்போது ‘அப்’ குன்றைச் சேர்ந்தது, அதனால் அதைவிட்டு நகராது. பில்லில் அது வினையின் சொத்து, தாராளமாக நகரும். இன்னொன்றும் உண்டு: பில்லுக்குப் பதிலாக ‘இட்’ போட்டால் ‘அப்’ பின்னால் போயே ஆக வேண்டும், ‘ரன் இட் அப்’. இந்த விதியை எந்தத் தாயும் தன் பிள்ளைக்குச் சொல்லித் தந்ததில்லை. பள்ளிக்குப் போகும் முன்பே ஆங்கிலக் குழந்தை அதைப் பிசகாமல் பேசுகிறது.

மேக் அப் போன்ற தொடர்வினை பெயர்ச்சொல்லாகும்போது அழுத்தம் இடம் மாறுகிறது. வினையாக இருக்கும்போது ‘அப்’ ஓங்கி ஒலிக்கும். பெயரானதும் ‘மேக்’ ஓங்கும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தமிழுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் இப்படி ஒட்டிப்போன பெயர்கள்தான்: மேக்கப், கெட்டப், செட்டப், பில்டப், கட்அவுட். நாமும் சும்மா விடவில்லை. மேக்கப்பைப் போட்டோம், பில்டப்பைக் கொடுத்தோம், கட்அவுட்டை வைத்தோம்.