உப்பிலே வாழும் செடிகள்

ஊறுகாய் போடும் வீட்டிலே ஒரு வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். மாங்காயை நறுக்கி, உப்பைப் பிசறி, ஜாடியில் போட்டு மூடி வைக்கிறோம். மறுநாள் திறந்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது! நாம் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. மாங்காய்க்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது.

உவர் மண்ணில் நட்ட நெல் நாற்றின் கதியும் இதுதான். வேரைச் சுற்றி ஈரம் இருக்கும்; ஆனால் உறிஞ்ச முடியாது. தப்பித் தவறி உள்ளே புகுந்த உப்போ, நஞ்சாக மாறி இலையைக் கருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மண்ணின் ஈரத்தில் 2 கிராம் ஏறினாலே நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கிவிடுகிறது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் கிருமாம்பாக்கத்தைத் தாண்டாமல் கிழக்கே திரும்பினால் பனித்திட்டு. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கடலோர ஊர். மேற்கே ஏரிப் பாசனத்துக்குப் பெயர் போன பாகூர் வயல்கள். கிழக்கே வங்கக் கடல். நெல்லுக்கும் உப்புக்கும் நடுவே அமைந்த ஊர் என்றே சொல்லலாம்.

இப்படிப்பட்ட கரையோரங்களில், நெல் வாடிப்போகும் மண்ணிலும் சில செடிகள் பச்சைப் பசேலென்று நிற்கின்றனவே, அது எப்படி? அவை கையாளும் வித்தைகள் மூன்று.

முதல் வித்தை, வாசலிலேயே தடுப்பது. பிச்சாவரத்தில் படகில் போனவர்கள், சுரபுன்னை மரங்கள் கால்களை ஊன்றி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அவற்றின் வேர், நீரை உள்ளே விட்டு, உப்பில் 100-க்கு 90 பங்குக்கு மேல் வெளியிலேயே நிறுத்திவிடும்.

இரண்டாவது, உள்ளே வந்ததை வெளியே தள்ளுவது. அரியாங்குப்பம் கழிமுகத்தில் வளரும் வெண்கண்டலின் இலையை வெயில் நேரத்தில் தடவிப் பாருங்கள். பொடிப் பொடியாக உப்பு ஒட்டும். இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் உப்பை வியர்வைபோல் கசிய விடுகின்றன.

மூன்றாவது, பூட்டி வைப்பது. உமரிச் செடி தன் இலையின் ஒவ்வொரு உயிரணுவிலும் ஒரு பை வைத்திருக்கிறது. உப்பை அதற்குள் அடைத்து, நீரையும் சேர்த்து வைப்பதால்தான் அதன் இலை அப்படிக் கொழுகொழுவென்றிருக்கிறது. உமரிக் கீரை சமைக்கும் கடலோரத்துப் பெண்கள், வேகவைத்த நீரை வடித்துவிடுவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

ஆனால், இந்த வித்தை எதுவும் இலவசமல்ல. தடுக்கவும் தள்ளவும் பூட்டவும் செடி தன் உழைப்பைச் செலவிட வேண்டும். அதனால் வளர்ச்சி குன்றும். உப்பு மிகுந்த சேற்றில் வெண்கண்டல் குட்டையாகவே நிற்கும்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது, இந்தக் கரை நெடுகப் பல வயல்களில் கடல் ஏறியது. அப்படி ஏறிய உப்பை மழை கரைத்துக் கொண்டு போய்விடும். ஆனால் சந்தடியில்லாமல் வருகிற உப்பு ஒன்று உண்டு. ஆழ்குழாய்க் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால், நிலத்தடியில் நல்ல தண்ணீர் விட்ட இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொள்கிறது. அது லேசில் திரும்பிப் போகாது.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், வெண்கண்டலின் மரபணுவைப் பிரித்தெடுத்து நெல்லில் சேர்த்துப் பார்த்தார்கள். நம் முன்னோரும் சளைத்தவர்களல்ல. நாகப்பட்டினக் கரையோரத்து உவர் நிலத்துக்கென்றே குழியடிச்சான் என்ற நெல்லைப் போற்றி வந்தார்கள். எனினும், எந்த நெல்லும் உமரியாகிவிடாது. தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு.

ஆகவே, ஏரியைத் தூர் வாரி மழை நீரைத் தேக்குவதும், இறைப்பதில் நிதானம் காட்டுவதும்தான் முதல் வைத்தியம். வயல் வரப்பில் என்றைக்காவது உமரி தலைகாட்டினால், களை என்று பிடுங்கி எறிந்துவிட்டுப் போய்விடாதீர்கள். கடல் உங்கள் காலடி வரை வந்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்ல வந்த செடி அது!